எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை

1

கொல்கத்தாவில் எங்கள் வீட்டு கிரைண்டருக்கு வருடத்தில் இரண்டு பூஜை. முதலில் இந்த ஊர்க்காரர்களின் விஸ்வகர்மா பூஜை. சில வாரம் கழித்து நம் ஆயுதபூஜை. விஸ்வகர்மா பூஜையன்று இங்கே எந்த இயந்திரத்தையும் ஓட்டமாட்டார்கள். கழுவிப் பொட்டு வைத்துவிட்டு மொட்டை மாடியில் ஏறிப் பட்டம் விடுவார்கள். நாங்கள் வந்த புதிதில் இது அவர்கள் பூஜை என்று சும்மா இருந்தோம். எங்கள் சந்தில் லேத் பட்டறை வைத்திருப்பவர் ஒருநாள் எட்டிப் பார்த்து, உன் மெஷின் மட்டும் என்ன பாவம் செய்தது என்று கேட்டார். அதிலிருந்து இரண்டையும் செய்கிறோம்.

இந்த வருடம் கிரைண்டரை நான் கழுவினேன். சென்ற வருடம்வரை அது என் மனைவி ஆவுடையம்மாளின் வேலை. சென்ற வருடம் விஸ்வகர்மா பூஜைக்கு முந்தின நாள் கல்லைக் கழற்றி சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு எழுந்தவள், ஈரத்தில் வழுக்கி விழுந்தாள். அதற்குப் பிறகு நடந்ததை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம். எழுதும்போது எதிரே யாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இட்லி மாவு ஆட்டி வீடு வீடாகக் கொடுப்பது தொழில். லேக் கார்டன்ஸில் ரயில் பாதையை ஒட்டிய சந்தில் இரண்டு அறை. ஒன்றில் நாங்கள், இன்னொன்றில் கிரைண்டர்களும் அரிசி மூட்டைகளும். மாவு ஆட்டுவது ஆவுடை; கொண்டுபோய்க் கொடுப்பது நான். லேக் கார்டன்ஸில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகள் என்னிடம் வங்காளத்தில்தான் பேசும். ஜாதவ்பூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் கம்ப்யூட்டர் பையன்கள் போன வருடம் வந்தவர்கள். அவர்கள் 'அண்ணாச்சி, மாவு புளிச்சிருச்சு' என்று நம் பாஷையில் சண்டைக்கு வருவார்கள். எனக்கு அந்தச் சண்டை பிடிக்கும். எங்கள் சந்தில் என் பெயர் 'இட்லிதா'. தா, தாதா என்றால் அண்ணன். உண்மையான பெயரை யாரும் கேட்டதில்லை. நானாகவும் சொன்னதில்லை.

அன்று நான் வீட்டுக்கு வந்தபோது ஆவுடை தரையில் கிடந்தாள். எங்கள் மகள் கோமதி அவள் தலையை மடியில் தாங்கிக்கொண்டிருந்தாள். கால் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. தெருமுனையில் துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்த எங்கள் தெரு க்ளப் பையன்கள் ஓடி வந்தார்கள். க்ளப்புக்கென்று வைத்திருந்த ஆம்புலன்ஸிலேயே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தொடை எலும்பு இடுப்புக்குப் பக்கத்தில் முறிந்திருந்தது. ஆபரேஷன் செய்து கம்பி வைக்கவேண்டும் என்றார்கள்.

சீட்டுப் போடும் இடத்தில் இருந்தவர், டைட்டில் என்ன என்று கேட்டார். இங்கே குடும்பப் பெயரை அப்படித்தான் சொல்கிறார்கள். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை என்றேன். டைட்டில் இல்லாமல் மனிதன் உண்டா என்று கேட்டுவிட்டு, அவராக ஒன்றை எழுதிக்கொண்டார். ஆவுடை என்பது அவர் வாயில் நுழையவில்லை. அந்த ஆஸ்பத்திரியை விட்டு வரும்வரை என் மனைவியின் பெயர் அபுடா தேபி.

2

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். அடிபட்டுப் படுத்திருப்பவர் யாராக இருந்தாலும், மதுப்பழக்கம் உண்டா, எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்கிறார்கள். வாடை அடிக்கிறவர்களை மட்டும் கேட்பதில்லை, எல்லாரையும்தான். அதற்கென்றே ஒரு அம்மா கட்டில் கட்டிலாக வருவார். பருத்திச் சேலை, கழுத்தில் அட்டை, வெற்றிலைக் கறை படிந்த பல். எல்லாரும் ரூபாதி என்று கூப்பிட்டார்கள். தி என்றால் அக்கா.

ஆவுடைக்குப் பக்கத்துக் கட்டிலில் மணிக்கட்டு முறிந்த ஒரு வயதான அம்மா இருந்தார். ரூபாதி அவரையும் விடவில்லை. புருஷன் போனதிலிருந்து விதவை நோன்பு, வெங்காயம்கூடத் தொட்டதில்லை, இதைக் கேட்க நீ முப்பது வருஷம் முந்தி வந்திருக்கக் கூடாதா என்று அந்த அம்மா கேட்டார். வார்டே சிரித்தது. ரூபாதியும் சிரித்துக்கொண்டே எங்கள் பக்கம் திரும்பினார்.

ஆவுடைக்குத் தெரிந்தது அடுப்படி வங்காளம். காய்கறிக்காரனிடம் பேரம் பேசுவாள். அதைத் தாண்டினால் கோமதிதான் சொல்லவேண்டும். கோமதி ரூபாதியின் கேள்வியைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் நான் குறுக்கே விழுந்தேன். எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை என்று வங்காளத்தில் சொன்னேன். திக்காமல் தடுமாறாமல் அந்த மொழியில் நான் பேசிய வாக்கியங்கள் குறைவு. அது அதில் ஒன்று.

"உங்களைக் கேக்கலை, தாதா. அவங்களைக் கேட்டேன்" என்றார் ரூபாதி.

ஆவுடை என்னைப் பார்த்தாள். பிறகு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு "நா" என்றாள். நா என்றால் இல்லை.

ரூபாதி எழுந்து போய்விடவில்லை. பழக்கம் உள்ளவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்ததும் குடி திடீரென்று நின்றுவிடும். இரண்டு மூன்று நாளில் உடம்பு நடுங்கும், புத்தி பேதலிக்கும், சில பேர் உயிரே போய்விடும். முன்னாலேயே தெரிந்தால் மருந்து கொடுத்துத் தடுக்கலாம். இதையெல்லாம் நிதானமாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. ஒரு வெளி ஆள் என் மனைவியைப் பார்த்து, அதுவும் என் மகள் வாயாலேயே, இப்படிக் கேட்டுவிட்டாரே என்று உடம்பெல்லாம் எரிந்தது. என் அண்ணன் குடித்தே செத்தவன். அவன் போனபோது எங்கள் தெருவில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அந்த அசிங்கத்திலிருந்து விலகி ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒரு வீடு நடத்துகிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது.

வராந்தாவுக்கு வந்து கோமதியைக் கடிந்துகொண்டேன். அம்மாவிடம் கேட்கிற கேள்வியா அது, சொல்லாமல் விட்டிருக்கவேண்டாமா என்றேன். எல்லாரையும்தான் கேட்கிறார்கள் பாபா, இதில் அவமானம் என்ன என்று அவள் வங்காளத்தில் பதில் சொன்னாள். வீட்டுக்குள் நான் அப்பா. வெளி ஆட்கள் காதில் விழும் இடத்தில் பாபா. அது எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. கல்லூரிக்குப் போக ஆரம்பித்த பிறகாக இருக்கும். கோபம்கூட அவளுக்கு இப்போது வங்காளத்தில்தான் வருகிறது.

3

ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முந்தின நாள் காலையில் நான் போனபோது ஆவுடையின் நைட்டி வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்கியது. வலியினால் இருக்கும் என்று நினைத்தேன். காப்பி டம்ளரைக் கொடுத்தேன். அவளால் பிடிக்க முடியவில்லை.

மத்தியானத்துக்குள் அவள் எங்களோடு இல்லை. கிரைண்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது, நிறுத்துங்கள், மாவு கட்டிலில் வழிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அதையும் நிறுத்திவிட்டுப் போர்வையில் கல் பொறுக்க ஆரம்பித்தாள். அரிசியில் கல் பொறுக்குவோமே, அதே மாதிரி. இரண்டு விரலால் எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, கட்டிலுக்கு வெளியே போட்டாள். ஒன்றுமே இல்லாத வெள்ளைத் துணி. கோமதி கையைப் பிடித்ததும், யாரம்மா நீ, மாவு வேணும்னா அவரு வரட்டும் என்றாள்.

நான் கட்டில் கால் பக்கம் நின்றேன். அந்த முகம் எனக்குத் தெரியும். அந்தக் கண் தெரியவில்லை.

முறிந்த காலை ஊன்றி எழுந்துவிடக் கூடாது என்று அவள் இரண்டு கையையும் கட்டில் கம்பியில் துணியால் கட்டினார்கள். நர்ஸ் மெதுவாகத்தான் கட்டினார். ஆனாலும் நான் திரும்பிக்கொண்டேன். ஆபரேஷன் தள்ளிப்போனது. விழுந்தபோது தலையில் அடிபட்டிருக்கலாம், உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம் என்று ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். ஸ்கேன் எடுத்து முடித்தும் ரிப்போர்ட் கையில் வரவில்லை. அங்கே யாரோ பெயரைத் திருத்தி அபா தேவி என்று போட்டுவிட்டார்கள். அபுடா தேபியும் அபா தேவியும் ஒரே ஆள்தான் என்று ஜன்னல் ஜன்னலாகக் கெஞ்சினேன். கடைசியில் க்ளப் பையன் ஒருவன் வந்து அதட்டியதும் கிடைத்தது. தலையில் ஒன்றும் இல்லை.

எனக்கு நிம்மதி. வார்டைப் பார்த்துக்கொண்ட சின்ன டாக்டருக்கு நிம்மதி இல்லை. அவர் கோமதியைக் கூப்பிட்டு, உன் அம்மா எவ்வளவு குடிப்பார் என்று நேராகவே கேட்டார். கோமதி அழுதுவிட்டாள். நான் கையைக் கூப்பிக்கொண்டு முன்னால் போனேன். ஒரு சொட்டுக்கூடக் கிடையாது டாக்டர் என்றேன்.

"இது குடி நின்னதால வர்ற நடுக்கம் மாதிரி இருக்கு. அதுதான்னா ஒரு மருந்து, வேற ஏதாவது காய்ச்சல்னா வேற மருந்து. மறைச்சீங்கன்னா ஆள் போயிடும்" என்றார்.

நான் மறைக்கவில்லை. எனக்குத் தெரிந்த உண்மையைத்தான் சொன்னேன். என் உண்மையை நம்பியிருந்தால் அவள் செத்திருப்பாள்.

4

அன்று மாலை ரூபாதி மறுபடி வந்தார். வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மது என்ற பேச்சையே எடுக்கவில்லை. உங்கள் வீட்டு அம்மா காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிறவரை வாயில் என்னென்ன போடுவார், தண்ணீர் உட்பட எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லுங்கள் என்றார்.

இது பதில் சொல்லக்கூடிய கேள்வி. எழுந்ததும் மருந்து, பிறகு காப்பி, பழைய சோறோ இட்லியோ, மறுபடி மருந்து என்று சொல்லிக்கொண்டு போனேன்.

என்ன மருந்து என்று கேட்டார்.

அரிஷ்டம் என்றேன். நம்மூரில் விளக்கத் தேவையில்லை. அங்கே விளக்கவேண்டியிருந்தது. வேரும் பட்டையும் வெல்லமும் போட்டு ஊறவைத்துச் செய்கிற நாட்டு மருந்து, பிள்ளை பெற்ற உடம்பு தேறுவதற்குக் கொடுப்பார்கள், கோமதி பிறந்தபோது ஊரிலிருந்து வந்தது, அதிலிருந்து தோள் வலிக்கும் இடுப்பு வலிக்கும் சாப்பிடுகிறாள் என்று சொன்னேன். நாள் முழுவதும் ஈரத்தில் நின்று கல்லைத் தூக்குகிறவளுக்கு வலி இல்லாமல் இருக்குமா.

பாட்டிலைக் கொண்டுவாருங்கள் என்றார் ரூபாதி.

வீட்டுக்குப் போனேன். தேடவேண்டியிருக்கவில்லை. சாமி படத்துக்குப் பக்கத்துப் பலகையில், திருநீற்று டப்பாவை ஒட்டி இருந்தது. மஞ்சள்பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். ரூபாதி மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். அப்படியே சின்ன டாக்டரிடம் கொடுத்தார். அவர் முகர்ந்தார். பாட்டிலைத் திருப்பி, அடியில் இருந்த பொடி இங்கிலீஷ் எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். அவர் குரலில் இருந்த அதட்டல் போய்விட்டது.

ஊறும்போது இதிலேயே சாராயம் உண்டாகிறது, அளவாகச் சாப்பிட்டால் மருந்து, கெடுதல் இல்லை என்று சொல்லிவிட்டு, எவ்வளவு சாப்பிடுவார் என்று கேட்டார்.

இரண்டு மூடி, தண்ணீர் கலந்து, சாப்பாட்டுக்குப் பிறகு என்றேன். என் அம்மா அப்படித்தான் சாப்பிடுவாள். எல்லாரும் அப்படித்தான்.

ஒரு பாட்டில் எத்தனை நாள் வரும் என்று கேட்டார். லேக் கார்டன்ஸ் பக்கம் தமிழ் மளிகைக் கடையில் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ வாங்கி வருவேன், அது கூடுதல்தான், ஆனால் வலி அதிகம் என்றேன்.

கோமதி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தமிழில் சொன்னாள்.

"நானும் வாங்கிட்டு வருவேன்பா."

"நீயா? எங்க?"

"காலேஜ் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடை. அப்பாட்ட சொல்லாத, வலி இவ்ளோன்னு தெரிஞ்சா வேலையை நிப்பாட்டிருவாருன்னு அம்மா சொன்னா. நான் மட்டுந்தான் வாங்கித் தர்றேன்னு நெனச்சேன்."

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு அப்போது ஊரிலிருந்து வரும் அட்டைப்பெட்டி ஞாபகம் வந்தது. ஆவுடையின் தம்பி மாதா மாதம் ரயிலில் வருகிற ஆட்களிடம் கொடுத்து அனுப்புவான். மிளகாய் வத்தல், கருப்பட்டி என்று அவள் சொல்வாள். நான் பிரித்துப் பார்த்ததில்லை. அங்கிருந்தே போன் போட்டேன்.

"அது ஏவாரத்துக்குத்தான அத்தான்?" என்றான் அவன். "அங்கன பிள்ள பெத்த பொம்பளையெல்லாம் கேக்காங்கன்னு அக்கா சொன்னா. நானும் நல்லா விக்கிது போலன்னு கூடக் கூட வச்சு அனுப்பினேன். ஏன், என்னாச்சு?"

மூன்று பேரும் பாசத்தில் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். மூன்று பேருக்கும் மற்ற இரண்டு பேரைத் தெரியாது. கோமதி மூன்றையும் சேர்த்து டாக்டரிடம் சொன்னாள். அவர் விரல் விட்டுக் கூட்டிக்கொண்டு வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே போனார். நரம்பை அடக்குகிற ஊசியும் வைட்டமின் ஊசியும் உடனே போடச் சொல்கிற குரல் வெளியே கேட்டது.

நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மஞ்சள்பை மடியில் இருந்தது. பையிலிருந்து அந்த வாசம் வந்தது. வருடக்கணக்காக என் வீட்டில் வீசிய வாசம். அதை நான் மருந்து வாசம் என்றுதான் சுவாசித்துக்கொண்டிருந்தேன்.

5

சில நாளில் அவளுக்குத் தெளிந்தது. கோமதியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கையில் கட்டிய தடத்தைப் பார்த்து இது என்ன என்று கேட்டாள். நாங்கள் சொல்லவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கம்பி வைத்தார்கள்.

தையல் பிரித்த பிறகு ரூபாதி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதல் நாள் கேட்ட அதே கேள்விகள். மது என்பதற்குப் பதில் அந்த மருந்தின் பெயரைச் சொன்னார். தொடங்குவதற்கு முன் என்னைப் பார்த்து, நீங்கள் இருக்கலாம், ஆனால் பேசக் கூடாது என்றார். நான் தலையாட்டினேன்.

குறைக்கவேண்டும் என்று எப்போதாவது தோன்றியதா என்று கேட்டார். கோமதி தமிழில் சொன்னாள். இல்லை என்று ஆவுடை சொல்வாள் என்றுதான் நினைத்தேன். பாவம், மருந்து என்று நம்பி ஏமாந்தவள் என்று அதற்குள் என் மனதில் ஒரு கதையை முடித்து வைத்திருந்தேன்.

"தோணிருக்கு" என்றாள் ஆவுடை. "ஒரு தடவ தம்பி பெட்டி வரல. கடையிலயும் இல்ல. அன்னைக்கு அரிசி களையும்போது கை நடுங்கிச்சு. மூலையில பழைய பாட்டில்ல கொஞ்சம் கெடந்தது, எடுத்துக் குடிச்சதும் நின்னுட்டுது. அன்னைக்கே எனக்குத் தெரியும், இது வலிக்குச் சாப்பிடுறது இல்லன்னு."

எத்தனை வருடத்துக்கு முன்னால் என்று ரூபாதி கேட்டார். கோமதி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது என்றாள்.

நான் நின்றுகொண்டிருந்தேன். உட்கார்ந்தேன். அத்தனை வருடமும் நான் காலையில் அவள் கையிலிருந்துதான் மாவு வாளியை வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

யாரிடமாவது சொன்னீர்களா என்று ரூபாதி கேட்டார்.

"யார்ட்ட சொல்ல? என்னப் பொண்ணு பாக்க வந்தப்ப எங்கப்பா இவருட்ட சொத்து கேக்கல, படிப்பு கேக்கல. குடிப்பியான்னு ஒண்ணுதான் கேட்டாரு. மாட்டேன்னாரு. அதுக்காவத்தான் என்னக் குடுத்தாரு. இவரும் அப்படியே இருந்துட்டாரு. அவருட்ட போயி இதச் சொல்லவா?"

கோமதி இதை வங்காளத்தில் சொல்லும்போது பாதியில் நின்றுவிட்டாள். அவள் சொல்லி முடிக்கும்வரை ரூபாதி காத்திருந்தார். பிறகு, முதல் நாள் கேட்டபோது ஏன் இல்லை என்று சொன்னீர்கள் என்று கேட்டார்.

ஆவுடை என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அவரு முந்திக்கிட்டாரு."

வாயைத் திறக்கக் கூடாது என்று ரூபாதி சொல்லியிருந்ததால், சொல்ல ஒன்றும் இல்லை என்பது வெளியே தெரியாமல் போனது.

6

நான் மருந்தைக் குறை சொல்லவில்லை. என் அம்மா இரண்டு மூடி சாப்பிட்டுத் தெம்பாக இருந்தவள். இதைப் படிக்கிற உங்கள் வீட்டுப் பலகையிலும் ஒரு பாட்டில் இருக்கும். யாருக்கு இரண்டு மூடியில் நிற்கும், யாருக்கு நிற்காது என்று பாட்டிலைப் பார்த்துச் சொல்லமுடியாது என்று ரூபாதி சொன்னார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இங்கே வந்த காலத்தில் எனக்குப் பல பயங்கள் இருந்தன. பாஷை தெரியாது, மகள் தமிழை மறந்துவிடுவாள், வேறு சாதியில் வேறு மொழியில் யாரையாவது கூட்டிக்கொண்டு வந்து நிற்பாள் என்றெல்லாம். வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று வராந்தாவில் அந்த மகளுடைய வங்காளம்தான் அவள் அம்மாவைக் காப்பாற்றியது. எனக்குத் தெரிந்த வங்காளத்தில் 'இல்லை' என்று மட்டும்தான் சொல்லத் தெரிந்தது.

வீட்டில் ஒரு பாட்டில்கூட இல்லாமல் எடுத்துவிட்டோம். மளிகைக் கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். மச்சானிடமும் சொன்னேன். ஆவுடைக்குப் பல வாரம் தூக்கமே இல்லை. ஆனால் தேறினாள். மாதம் ஒருமுறை ரூபாதியைப் பார்க்கப் போவோம். நடந்தால்தான் கால் பழகும் என்று டாக்டர் சொன்னதால், கைத்தடி ஊன்றிப் பக்கத்துத் தெரு வீடுகளுக்கு அவளே மாவு கொண்டுபோகிறாள்.

போன வாரம் ரூபாதியிடம் போயிருந்தோம். வழக்கம்போல இந்த மாதம் எப்படி என்று கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

"ரெண்டு தடவ சாப்பிட்டேன்" என்றாள் ஆவுடை.

பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் பெண்ணுக்குப் பிரசவம் ஆகியிருந்தது. கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண். பார்த்துக்கொள்ள மதுரையிலிருந்து அவள் அம்மா வந்திருக்கிறார். மாவு கொண்டுபோன ஆவுடை மூச்சு வாங்க நின்றதைப் பார்த்து, உட்காரச் சொல்லி, தெம்பாக இருக்கும் என்று அந்த அம்மா அரிஷ்டத்தை ஊற்றிக் கொடுத்திருக்கிறார்.

"மொத தடவ அவங்களாக் குடுத்தாங்க, வேண்டாம்னு சொல்லத் தெரியல. ரெண்டாவது தடவ மாவு கேக்கவே இல்ல. நானாத்தான் போனேன்."

ரூபாதி திட்டவில்லை. சொன்னது நல்லது என்றார். அடுத்த தடவை என்ன செய்யலாம் என்று இருவரும் பேசினார்கள். கோமதி வரவில்லை. ஆவுடையின் அடுப்படி வங்காளமே அதற்குப் போதுமாக இருந்தது. ஒரு வருடம் ஆகிவிட்டது, முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

வெளியே ஆட்டோவுக்கு நின்றோம்.

"கோவமா?" என்றாள்.

"இல்ல. பயமா இருக்கு."

"எனக்கும்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அந்த வீட்டுக்கு இனிமே நீங்க போங்க. ஏன்னு அவங்கட்ட சொல்லிருங்க" என்றாள்.

"என்னன்னு சொல்ல?"

"உள்ளதச் சொல்லுங்க."

மறுநாள் காலை மாவை எடுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மா கதவைத் திறந்ததும், ஆவுடை வரவில்லையா, கால் வலியா என்று கேட்டார். நான் வாளியைக் கீழே வைத்தேன். மாவைப் பற்றித் தவிர ஒரு வாடிக்கை வீட்டில் நான் எதுவும் பேசியதில்லை. தலையைக் குனிந்துகொண்டே சொல்லி முடித்தேன். நடுங்கியது, கல் பொறுக்கியது, கையைக் கட்டியது எல்லாம். என் மனைவிக்கு அதற்கு அடிமையாகிவிட்ட உடம்பு, தயவுசெய்து கொடுக்காதீர்கள் என்றேன்.

நிமிர்ந்து பார்த்தேன். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். அவர் உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, வெளியே வந்து கதவை மெதுவாகச் சாத்தினார்.

"அண்ணாச்சி, கை நடுங்குறது காலையிலயா, சாயங்காலமா?"

காலையில் என்றேன். அவர் தன் கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டார். அதற்கு மேல் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கிற இடம் எனக்குத் தெரியும். எந்த வாசல், எந்தக் கிழமை, ரூபாதி என்று யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள் என்று சொன்னேன். அவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.